ட்ரம் இருந்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். கடிதம் முடியும்போது அது மிச்சம் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். நான் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும். அவர் காதுக்குத் தப்பிய மூலை நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், சாப்பாட்டு இடைவேளையில், மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் அது மெஷின் ஓடுவதால். உன்மேல் உள்ள கோபத்தாலும் இருக்கலாம்.

ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் பெஞ்சுக்கு இரண்டாவது கோட் பெயிண்ட் அடித்தாயா என்று கேட்கிறாய். அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன். மழைக்கு முன்னால் அடிக்காவிட்டால் மரம் ஊதிவிடும் என்கிறாய். ஊதட்டும். உளுத்துக் கொட்டட்டும். உதிர்ந்த இலைகளை வாரம் ஒருமுறை கூட்டிப் பையில் கட்டி வைக்கச் சொன்னாய். ஒரு இலையைக்கூட நான் தொடவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

லீவில் வந்தவன் காலை நீட்டித் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். உனக்குக் கை அரித்தது. வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியிருக்கிறவனுக்கு, வீடியோவில் எவனோ பலகை அறுப்பதைப் பார்த்தால் தானும் தச்சன்தான் என்று தோன்றிவிடும் போலிருக்கிறது. வந்து இறங்கியதும் பின்கட்டைப் பார்த்துவிட்டு "என்னக்கா இது, வீடா குப்பைக்கிடங்கா?" என்று கேட்டாய். நான் வேலைக்குப் போயிருந்த நேரமெல்லாம் உனக்கு வசதியாகப் போயிற்று. திருப்பத்தில் நின்ற துருப்பிடித்த தண்ணீர் ட்ரம்மை உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தாய். குழாயடியில் சாய்த்து வைத்திருந்த ஓட்டை சைக்கிளையும் கொடுத்தாய். பின்வாசலிலிருந்து ட்ரம் வரை நான் கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்தாய். "இடுப்பளவு உயரத்துல யாராவது கொடி கட்டுவாங்களா? சேலை மண்ணுல புரளாதா?" என்று என்னையே கேலி செய்தாய். இலைகளைக் கூட்டினாய். மண்ணைச் சமன்படுத்திச் சதுரக் கல் பதித்தாய். கை ஓயாமல் முன்கேட்டின் கீலுக்கும் கிரீஸ் போட்டாய். கடைசியில் நட்டநடுவில் அந்தப் பெஞ்சைச் செய்து, காலைச் சிமென்டில் புதைத்து, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியும் வைத்தாய்.

பிறகு போட்டோ. முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று இரண்டையும் ஒட்டிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாய். சித்தி எனக்குப் போன் போட்டு, "உன் தம்பிக்கு எவ்வளவு பொறுப்பு பாரு, நீ இத்தனை வருஷம் அங்கேயே இருந்து என்ன செஞ்ச?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சித்தி அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார்.

நீ கிளம்பிப் போன அடுத்த வாரம் அப்பா விழுந்தார். நான் வேலையில் இருந்தேன். பின்பக்கக் கழிப்பறைக்குப் போகக் கிளம்பியவர், உன் பெஞ்சில் முழங்காலை இடித்து, நீ பதித்த கல்லிலேயே விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சத்தம் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்து வந்து தூக்கியிருக்கிறார். நெற்றியில் தையல். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, இன்னும் ஆறவில்லை. போனில் உன்னிடம் "லேசா சளி" என்று சொன்னாரே, அந்த வாரம்தான்.

ஏன் விழுந்தார்? பட்டப்பகலில், கிளிப்பச்சை நிறத்தில், யானை மாதிரி நிற்கிற பெஞ்சில் ஒருவர் எப்படிப் போய் இடித்துக்கொள்வார்? கேள், கேள். இப்போதாவது கேள்.

அப்பாவுக்குக் கண் தெரியாது.

இந்த லீவுக்கு முந்தின தடவை நீ வந்து போனதற்குப் பிறகு முதலில் இடது கண் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக வலதும். கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் உனக்காக.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று குதிக்காதே. "அவனுக்குத் தெரிஞ்சா என்னை அள்ளிக்கிட்டுப் போய் அவன் இருக்கற ஒன்பதாவது மாடியில வெச்சிடுவான். சொல்லக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் நீ லீவு முழுக்க அவர்கூடவே இருந்தாய். ஒரே தட்டில் கை வைக்காத குறை. பெஞ்சுக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று பெயிண்ட் அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். "ரெண்டாவது" என்றார். "அப்பாவுக்கு என்ன ரசனை!" என்று புகழ்ந்தாய். அந்த ரசனைதான் இப்போது பின்கட்டில் கிளிப்பச்சையாக நிற்கிறது. "பின்பக்கம் போகும்போதெல்லாம் அப்பா என் தோள்ல கை போட்டுக்கிட்டே நடக்கிறார்க்கா, முன்னெல்லாம் இப்படி இல்ல" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடியைத்தான் நீ அறுத்துவிட்டாயே, அவர் வேறு எதைப் பிடிப்பார்?

ஆமாம், அந்தக் கொடி துணிக்காகக் கட்டியதில்லை. அவர் கைக்காகக் கட்டியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ட்ரம் வரும். ட்ரம்மை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வலப்பக்கம் திரும்புவார். நேரே போனால் சைக்கிள் ஹேண்டில்பார் கையில் படும், அங்கே குழாய். அதற்கு அடுத்த கதவு கழிப்பறை. இடப்பக்கம் பள்ளத்தை ஒட்டி இலைகளைக் கூட்டாமல் விட்டிருந்தோம். காலடியில் சரசரவென்று கேட்டால் வழி தப்பிவிட்டோம் என்று நின்றுவிடுவார். ஒவ்வொன்றையும் எங்கே வைக்கலாம் என்று நானும் அவரும் விழுந்து எழுந்து கண்டுபிடித்தோம். நீ குப்பை என்றாயே, அதில் ஒன்றுகூடச் சும்மா கிடந்ததில்லை. டிரைவர் அண்ணன் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "தினமும் காலையில அந்த ட்ரம் 'டொங்'னு கேக்கும்மா, அப்பா எழுந்துட்டார்னு நான் டீ போடுவேன். இப்ப கேக்கறதே இல்லையே?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் எதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது தெரியுமா? நீ அவரைக் கேட்காமல் எதையும் எடுக்கவில்லை. "அப்பா, இதைத் தூக்கிடவா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டிருக்கிறாய். அவரும் "தூக்கிடுப்பா" என்றிருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாய், அதற்கு என்ன சொல்வார்? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ட்ரம் உருண்டு போகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். சைக்கிள் போகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கிவிட்டார். நீ எதிரே உட்கார்ந்து, எந்த ஸ்க்ரூ உறுதி என்று விளக்கிக்கொண்டிருந்தாய்.

விழுந்த நாளிலிருந்து அவர் தனியாகப் பின்வாசல் படி இறங்கவில்லை. நான் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை கூட்டிப் போகிறேன், வந்ததும் ஒருமுறை. நடுவில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நான் வைத்துவிட்டுப் போகிற சொம்பு அப்படியே இருக்கிறது. டிரைவர் அண்ணன் கூட்டிப் போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளவில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட மனுஷன், "உனக்குப் பாரமாயிட்டேன்" என்று பேச ஆரம்பித்திருக்கிறார். அந்த வார்த்தையை இதுவரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கொடியை அவர் விழுந்த அன்றைக்கே திரும்பக் கட்டிவிட்டேன். என்ன பிரயோஜனம், அது நேரே உன் பெஞ்சில் போய் முட்டுகிறது. சுற்றிக் கட்டலாம் என்றால் அந்தப் பக்கம் பள்ளம். கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை உறுதியாகச் செய்திருக்கிறாய், அது இதுதான். டிரைவர் அண்ணன் சம்மட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முதல் அடி விழுந்ததும் அப்பா உள்ளேயிருந்து கத்தினார். "அவன் கையால செஞ்சது. உடைச்சீங்கன்னா நான் சோறு தொட மாட்டேன்" என்றார். அண்ணன் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். உட்கார வசதியாகத்தான் இருக்கிறது, நாசமாய்ப் போக.

மேலே எழுதியது வேலையிடத்தில். மிச்சத்தை இப்போது வீட்டில் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை. சமையற்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடுகிற சத்தம்கூட அவருக்குக் கேட்டுவிட்டது. யாருக்கு எழுதுகிறாய் என்றார். ஆஸ்பத்திரி சலவைக் கணக்கு என்று புளுகினேன். "அவனுக்குன்னா நான் சொன்னேன்னு எழுது. பின்கட்டு ரொம்ப அழகா இருக்கு. தினமும் சாயங்காலம் பெஞ்சில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். எழுதிவிட்டேன். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பச்சை என்று யார் சொன்னார்கள் அவருக்கு? என் வாயில் வந்த வசவுகளிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிறார்.

கிளம்பி வா. லீவு கிடைக்காது, வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று எனக்குப் பதில் எழுதாதே. வேறு யார் கை வைத்தாலும் அவர் விடமாட்டார். நீ வைத்ததை நீதான் பெயர்த்து எடுக்க வேண்டும். பெஞ்சு கோணலாக இருக்கிறது, எனக்கே பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல். பொய்கூட இல்லை, கோணல்தான். பழைய ட்ரம்மை இரும்புக்காரர் நசுக்கி எடைக்குப் போட்டுவிட்டார், விசாரித்துவிட்டேன். வேறொன்று வாங்கி வா. பிளாஸ்டிக்கில் வாங்கித் தொலைக்காதே, தட்டினால் சத்தம் வர வேண்டும். அவரை உன்னோடு கூட்டிப் போகிறேன் என்று மட்டும் வாயெடுத்தாயானால் அடுத்த பஸ்ஸில் உன்னை நானே ஏற்றிவிடுவேன். அவர் கேட்பது ஒன்பதாவது மாடி இல்லை. பின்வாசலிலிருந்து கழிப்பறை வரை.

இன்னொன்று. முன்கேட் கிரீச்சிடுவதை வைத்துத்தான் யார் வருகிறார்கள் என்று அவர் சொல்வார். டிரைவர் அண்ணன் ஒரே தள்ளாகத் தள்ளுவார். நான் பாதி திறந்து இடுக்கில் நுழைவேன். நீ வந்த அன்று வழக்கம்போல் இழுத்து அறைந்தாய். "தம்பி வந்துட்டான்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நீ போட்ட கிரீஸில் அந்தக் கேட் இப்போது மூச்சுக்கூட விடுவதில்லை. யார் வந்தாலும் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவருக்குத் தெரிவதில்லை, திடுக்கிட்டுப் போகிறார். அதனால் வரும்போது, சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று சத்தமில்லாமல் வந்து நிற்காதே. கேட்டிலேயே நின்று, "அப்பா, நான்தான் வந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல். நீ சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சொல்லிவிட்டு அங்கேயே நில். அவர் எழுந்து நிற்கட்டும். பிறகு போய் உன் தோளைக் கொடு.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறிய உன் அக்கா