குவின்டஸுக்கு ஊட்டிய கஞ்சி

வொர்திங்,
மார்ச் மாதம், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் கிரெய்கும் பிள்ளைகளும் வெலிங்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை, இடது முழங்காலையும், கூரையில் ஒழுகும் இடத்தையும், போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்ட கேள்வியையும் தவிர. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். கூரைக்காரன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனவன்தான், அப்புறம் ஆளையே காணோம். பின்கட்டில் ருபார்ப் செடி முளைவிட்டிருக்கிறது. உன் அப்பா நட்டது, இந்த வருஷம் அதைப் பறித்துச் சமைக்க எனக்கு மனசில்லை.

நீ கேட்டாயே, "அப்பாவைப் பாக்கப் போறதையே நிறுத்திட்டியாமே, கில்லியன் சொன்னாங்க, ஏம்மா இப்படிப் பண்றே" என்று. நீ கார் ஓட்டிக்கொண்டு பேசினாய், நடுவில் பிள்ளைகள் வேறு சத்தம். அதனால் அப்போது ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கில்லியன் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தை நடத்துகிறவர், நல்லவர்தான், ஆனால் அவர் உனக்குச் சொன்னது கடைசிப் பக்கம் மட்டும். முன் பக்கங்களை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு.

அந்தப் பாழாய்ப்போன தொலைக்காட்சித் தொடரில் இருந்துதான் தொடங்க வேண்டும். 'தைபர் கரை வீடு' வந்தபோது நீ சின்னப்பிள்ளை, பாதியிலேயே உன்னைத் தூங்கப் போட்டுவிடுவோம். ரோமாபுரிக் கதை, ஆனால் ரோமாபுரியைக் கட்டக் கையில் காசில்லை. பலகையில் பளிங்கு மாதிரி வண்ணம் அடித்த தூண்கள், யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் அரண்மனையே ஆடும். படுக்கை விரிப்பைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எங்களுக்குச் சுற்றிவிட்டார்கள். யானை கிடையாது, படை கிடையாது, தெருக்கூட்டம் என்றால் ஒலிநாடாவில் ஒரு இரைச்சல், அவ்வளவுதான். போர் நடந்தால் ஒருவன் நெற்றியில் சிவப்புச் சாயத்தோடு ஓடிவந்து தோற்றுவிட்டோம் என்பான், கேமரா அதைக் கேட்கிறவர் முகத்திலேயே நிற்கும். காட்டுவதற்கு வேறெதுவும் இல்லையே.

எனக்கு முப்பத்துநான்கு வயது, அறுபது வயது வலேரியாவாக நடித்தேன். உன் அப்பா என்னைவிட மூத்தவர், அவருக்கு என் மூத்த மகன் குவின்டஸ் வேஷம். இளைய மகனைப் பதவியில் உட்காரவைக்க மூத்தவனுக்குப் பார்லிக் கஞ்சியில் விஷம் கலந்து, படுக்கையில் உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டே ஊட்டுவேன். அன்றைக்குப் பின்னால் இருந்த சுவர் சரிந்து விழுந்துவிட்டது, நிமிர்த்த நேரமில்லை, ஆகவே இயக்குநர் எங்கள் இரண்டு முகங்களையும் கரண்டியையும் தவிர வேறெதையும் காட்டவில்லை. வெட்டே இல்லாமல் ஒரே காட்சி, கிண்ணம் காலியாகும் வரை. அதைத்தான் நாடே இன்னும் பார்க்கிறது.

அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று உனக்கே தெரியும். முப்பத்தாறு வயதில் என்னைத் தேடி வந்ததெல்லாம் கிழவி வேஷம், அதுவும் கொலைகாரக் கிழவி. உன் பிறந்தநாளுக்கு வந்த ஒரு பெண் நான் வெட்டிக் கொடுத்த கேக்கைக் கடைசிவரை தொடவே இல்லை, நீ அழுதாய். உன் அப்பாவுக்கு மட்டும் அது தீராத சிரிப்பு. காலையில் ஓட்ஸ் கஞ்சி வைத்தால் முகர்ந்து பார்ப்பார், தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்வார், நீ கைகொட்டிச் சிரிப்பாய். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அந்த வேடிக்கை ஒருநாளும் எனக்குச் சலித்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சிரித்துவைத்தேன்.

அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து, அடுப்பை எரியவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டதெல்லாம் உனக்குத் தெரியும். இல்லத்தில் சேர்த்த முதல் வருஷம் என்னைக் கண்டால் முகம் மலரும், பெயர் வராது, கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம்தான் அங்கே யாருக்கோ அவர்தான் குவின்டஸ் என்று தெரிந்துபோனது. கில்லியனே சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தவராம். அந்தத் தொடரை வாங்கிவந்து தினமும் மத்தியானம் கூடத்தில் போட ஆரம்பித்தார். அதுவரை கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்த மனுஷர் சாந்தமாக உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்தார். சொந்த மகள் பேர் போய்விட்டது, குவின்டஸின் வசனம் ஒரு எழுத்து பிசகவில்லை. மற்ற கிழவர்களும் அவரவர் வீட்டாரும்கூட வந்து உட்காருவார்கள், சின்னப் பேரப்பிள்ளைகள்கூட ஆடும் தூணைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நல்லதுதானே என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வெங்காயத்தாள் சூப்பைக் கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "வேணாம்மா. இதுல நீ என்ன கலந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார். பழைய வேடிக்கை திரும்பிவிட்டது என்று நான் சிரித்தேன். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். டெஸ்ஸா, அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்து நான் கட்டடத்துக்குள் இருந்தால் யார் கொடுத்தாலும் சாப்பிடமாட்டார் என்றாகிவிட்டது. நான் பெரில், உங்கள் பெண்டாட்டி என்று சொன்னால் இன்னும் பயந்தார். இப்போதுதான் வேஷம் போடாமலே வலேரியா மாதிரி இருக்கிறேனே, அன்றைக்கு ரப்பரிலும் மாவிலும் ஒட்டிய சுருக்கமெல்லாம் இப்போது என் சொந்தச் சுருக்கம். மெலிந்துகொண்டே போனார். அந்தத் தொடரைப் போடுவதை நிறுத்துங்கள் என்று கில்லியனிடம் கேட்டேன். அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான் மேடம், அதையும் புடுங்கணுமா, நீங்க வேணா சாப்பாட்டு நேரத்துல வராம இருங்களேன்" என்றார். அப்படித்தான் சாப்பாட்டு வேளையைத் தவிர்த்தேன். என்னை நிறுத்தினார்கள், திரையில் இருக்கும் என்னை நிறுத்தவில்லை.

நவம்பரில் லண்டனில் ஒரு அரங்கத்தில் தொடருக்கு ஐம்பதாவது ஆண்டு என்று கொண்டாடினார்கள். நடித்தவர்களில் வேறு யாரும் உயிரோடில்லை, இருக்கிறவருக்கு நினைவில்லை, ஆகவே மேடையில் நான் ஒருத்திதான். சுவர் விழுந்த கதையைச் சொன்னேன், என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, நான் விட்டதை அவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கிண்ணமும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். வரிசையாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள், நான் ஊட்டுவது மாதிரி புகைப்படம் எடுத்துக்கொள்ள. இல்லத்தில் என் கையால் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிற மனுஷர் இருக்க, இங்கே பேர் தெரியாதவர்கள் எல்லாம் ஆவென்று திறந்தார்கள். ஊட்டினேன். என்னைத் தெரியும்தானே உனக்கு, கூப்பிட்ட இடத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அந்த வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர், அறுபதைத் தாண்டியவர், கரண்டியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். படம் வேண்டாம் என்றார். "எங்கம்மாவும் இப்படித்தான், தலையைத் தடவிக்கிட்டேதான் எல்லாம் செய்வாங்க. உங்களப் பாத்த அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, மறுவாரம் வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரயிலில் வரும்போது அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின் எத்தனையோ பேர் கோடிகோடியாய்க் கொட்டி ரோமாபுரி எடுத்தார்கள், நிஜக் குதிரை, நிஜக் கடல், ஒரு வருஷத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. எங்களிடம் இருந்தது ஒரு வீடு, ஒரு மேசை, ஒரே குடும்பத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தொடர் சாகமாட்டேன் என்கிறது. என்னை விட்டால் போதும் என்று அதைக் கும்பிட்டுக் கேட்கலாம் போல இருந்தது.

இனிமேல்தான் உனக்குச் சொல்லாதது. கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு நாள், சாப்பாடு எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். முடியவில்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கிழங்கு மசியலும் குழம்பும் தொடப்படாமல் இருந்தன. திரும்பிப் போகலாம் என்றால் அவர் பார்த்துவிட்டார். பக்கத்தில் வரச்சொல்லிக் கை காட்டினார். கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்தி, "அம்மா, பெரில் புள்ளையைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா. அவ வர்றதுக்குள்ள முடிச்சுடு" என்றார். எதை என்று கேட்டேன். கிண்ணத்தைக் காட்டினார். "நான் குடிச்சிடறேன். நீ பெரிலைத் தொடக்கூடாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியம் பண்ணு" என்றார்.

நான் சத்தியம் செய்தேன் டெஸ்ஸா. வேறென்ன செய்ய. வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன், அவர் என் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு வாயாக விழுங்கினார், முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து, சாவு வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷர். சொன்னார், அதையும் வேறு ஒருத்தியிடம் சொன்னார்.

கில்லியன் கதவருகில் நின்று பார்த்தாராம். அவருக்கு ஆனந்தம். "இத்தனை நாள் கழிச்சு முழுசாச் சாப்பிட்டிருக்காரு, நீங்க தினமும் வந்துடுங்க" என்றார். மறுநாள் போனேன். முந்தின நாள் அவருக்கு நினைவில் இல்லை, உதட்டை இறுக்கிக்கொண்டார். அப்போது நான் என்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? "நீ சாப்பிடலேன்னா பெரில்கிட்டப் போவேன்" என்று என் வாயால் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது, வாயைத் திறந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஜனவரி முதல் வாரம் வரை அப்படியே. உடம்பு கொஞ்சம் தேறியது, எடை ஏறிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். என் பேரைச் சொல்லி மிரட்டி, என்னைக் காப்பாற்றத் தினமும் ஒருமுறை சாகத் தயாரான மனுஷருக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நடிப்பில் நான் இதைவிடக் கேவலமான வேலை செய்ததில்லை.

ஒருநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தேன், அதைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டேன். கில்லியனைத் தொலைபேசியில் கூப்பிட்டு இனி வரமாட்டேன் என்றேன். அவர் எவ்வளவோ சொன்னார். நான் வராவிட்டால் உன் அப்பா மற்றவர் கையில் சாப்பிடுவாரா என்று பாருங்கள், சாப்பிடாவிட்டால் கூப்பிடுங்கள் என்றேன். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இழுத்தாராம், அப்புறம் இளம் நர்ஸ் ஒருத்தி கையில் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாராம். இதுவரை என்னைக் கூப்பிடவில்லை. ஆக நீ கேட்டது சரிதான், நான்தான் நிறுத்தினேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. அவர் பயப்படாமல் சாப்பிடுகிறார், நான் இங்கே உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன். இதில் எது கல்நெஞ்சு என்று நீயே சொல்.

நேற்று யாரோ தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள், தொடரை மறுபடி துலக்கி, நிறமெல்லாம் சரிசெய்து போடப்போகிறார்களாம், என்னிடம் நாலு வார்த்தை வேண்டுமாம். தொண்டை சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சரி, கை வலிக்கிறது. உனக்கும் கிரெய்குக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும், பிள்ளைகள் சாப்பிடும்போது அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவை. ஜூனில் வருகிறேன் என்றாயே, விமானச் சீட்டை மாற்றாதே, கனமான கோட்டு ஒன்று எடுத்து வா, ஜூன் என்றால் இங்கே வெயில் என்று நம்பி ஏமாறாதே. அப்பாவிடம் தனியாகப் போ, நான் வாசலில் காரிலேயே இருக்கிறேன். உன்னை யாரென்று நினைப்பாரோ தெரியாது, அதைப் பற்றி வருத்தப்படாதே. ஆனால் பெரில் எங்கே என்று உன்னிடம் கேட்டால், அவள் பத்திரமாக இருக்கிறாள், யாரும் அவளைத் தொடவில்லை என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பெரில்.