அக்காவின் புகாரும் தீர்ந்துபோன படிவமும்

மார்ச் 3, செவ்வாய்
ஊழல் தடுப்புப் பிரிவில் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. நடவடிக்கை எடுக்க முடியாது என்று எழுத வேண்டும்; அப்படி எழுதியதாகத் தெரியக் கூடாது. பதினோரு வருடமாக இதில் நான் கெட்டிக்காரன்.
இன்றைய தபாலில் தெரிந்த கையெழுத்து. அக்கா. தையல் கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வாளர் லஞ்சம் கேட்டாராம். தர மறுத்ததால் கடைக்குச் சீல் வைத்துவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பேன் என்று தெரியும் போல.

மார்ச் 4
அதிகாரியிடம் கொண்டுபோனேன். "வெள்ளைத்தாள்ல எழுதியிருக்காங்களே. படிவத்துல இல்ல வரணும்?"
படிவம் தீர்ந்து இரண்டு வருடமாகிறது. அதை அச்சடிக்கும் டெண்டரில் லஞ்சம் என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். அதை விசாரித்து முடித்தால்தான் அச்சடிக்கலாம். அந்தப் புகாரும் வெள்ளைத்தாளில் இருப்பதால் விசாரிக்க முடியாது.
"நம்ம கைய கட்டிப் போட்டிருக்காங்கப்பா" என்றார், இரண்டு கையாலும் ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

மார்ச் 9
இன்றைய காரணம்: விசாரித்தால் ஆய்வாளர் மனம் புண்படும்.

மார்ச் 12
விடாமல் நச்சரித்தேன். ஒருவழியாக இறங்கிவந்தார். புகாரை விசாரணைக்கு அனுப்பச் சொன்னார் — அந்த ஆய்வாளருக்கே.
"சம்பவம் நடந்தப்ப அங்க இருந்தவர் அவர்தானே? அவரைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"
நானே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன். ஏன்டா அனுப்பினே? மக படிப்பு இருக்கு, ஓய்வுக்கு எட்டு வருஷம் இருக்கு — பார், எனக்கே காரணம் எவ்வளவு கோர்வையாக வருகிறது.

மார்ச் 16
அக்கா போன் செய்தாள். "வாசல்ல வந்து நின்னு என் புகாரை எனக்கே படிச்சுக் காட்டுறான்டா. ரெண்டு எடத்துல எழுத்துப்பிழைன்னு வேற சொல்றான்."
பிறகு சொன்னாள்: "அடியில உன் கையெழுத்து இருந்துச்சு."
மேலிடத்து உத்தரவு என்று ஆரம்பித்தேன். வைத்துவிட்டாள். அவமானமாக இருக்கிறது.

மார்ச் 24
ஆய்வாளர் கேட்டதை அக்கா கொடுத்துவிட்டாளாம். மறுநாளே கடைக்கு வைத்த சீலை அகற்றிவிட்டார்கள். ஆய்வாளரின் அறிக்கையும் வந்தது: 'மனுதாரரின் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது.'
எங்கள் பிரிவு இந்த ஆண்டு முடித்துவைத்த முதல் புகார். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டாம்.

மார்ச் 27
மன்னிப்புக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். தைத்து முடிக்கும்வரை அக்கா நிமிரவில்லை. பிறகு, "சொல்லுங்க சார், என்ன தைக்கணும்?" என்றாள்.
ஒரு சட்டை என்றேன். எழுந்து வந்து தோளையும் கையையும் அளந்தாள். நோட்டைத் திறந்தாள்.
"பேர் என்னன்னு போடட்டும்?"
சொன்னேன். எழுதிக்கொண்டாள்.