மூன்றாவது குழியின் செம்பு வளையம்

அக்கா,

என் கையில் டீசல் வாசனை இன்னும் போகவில்லை. சோப்பு போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், துணி துவைக்கும் பவுடரையும் விடவில்லை. நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் முதலில் நீதான் வருகிறாய். சித்தூரில் அம்மா வீட்டுக்கு நீ வந்து போன பிறகும் தலையணை உறையில் தங்கியிருக்கும் வாசனை இது. அப்போது மூக்கைச் சுளிப்பேன். இப்போது என் கையிலேயே அது இருக்கும்போது, உன்னைக் கேட்காமல் உன் புடவையைக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது.

இரண்டு நாளாக ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் நீ குறுக்கே வருகிறாய்.

அலிபிரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இதே வீட்டுக்குத்தான் உன்னோடு தங்கி எம்.ஏ. படிக்க வந்தேன். முன்னால் வீடு, பின்னால் ஷெட். ஷெட்டில் மினி லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜெனரேட்டர். கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்குப் போய் வரும் அதுதான் உனக்கும் மாமாவுக்கும் சோறு போட்டது. எங்காவது போய் வந்த மறுநாள் அதை ஓடவிட்டு, நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பீர்கள். பேச மாட்டீர்கள். நீ ஒரு விரலைத் தூக்குவாய். மாமா நிறுத்துவார்.

"ரெண்டாவது சிலிண்டர் தட்டுது" என்பாய்.

"போடி, மூணாவது."

"பந்தயமா? தோத்தா மசால் தோசை."

பெரும்பாலும் தோசை உனக்குத்தான் வந்தது. வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "இன்னாடி, அதே பக்கத்தை எத்தினி வாட்டி படிச்சிக்கினு இருப்ப?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாய். உண்மைதான். பக்கம் புரளவில்லை. காதலைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். அவற்றில் யாரும் யாரையாவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே சத்தத்தைச் சேர்ந்து கேட்பதை எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. எனக்கு மாமா வேண்டியிருக்கவில்லை, அக்கா. அப்படித் தலையைச் சாய்க்க எனக்கும் ஒருவர் வேண்டியிருந்தது. அன்றைக்கே பொறாமை வந்துவிட்டது.

ஒரு காய்ச்சல் உன்னை வாரிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் அம்மாவும் மாமாவின் அம்மாவும் கூடிப் பேசினார்கள். என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உன் புருஷனாக இருந்தபோதும் அவர் எனக்கு மாமா, என் புருஷனான பிறகும் மாமா. அந்த ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் என்னை முன்பெல்லாம் பாப்பா என்று கூப்பிடுவார். தாலி கட்டிய நாளிலிருந்து அப்படிக் கூப்பிடுவதில்லை. வேறு பெயரும் இன்னும் கிடைக்கவில்லை. "இந்தா" என்கிறார். திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த வருடம் இன்ஜின் ஒரேயடியாகப் புகைக்கத் தொடங்கியது. எண்ணெய் குடித்தது. மாமா முழுதாகப் பிரித்துவிட்டார். வடமாலபேட்டையிலிருந்து வரும் மெக்கானிக் ரமணா உனக்குத் தெரிந்தவன்தான், அவன்தான் கூட நின்றான். சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டை இறக்கி, பிஸ்டன் ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு மறுபடி பூட்டினார்கள். நீ போன பிறகு அந்த இன்ஜினைத் திறந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பிறக்கும் முன்னே முதல் ஸ்டார்ட் கொடுத்துவிட வேண்டும் என்று மாமாவுக்குப் பிடிவாதம். கடைசி வேலைகள் எல்லாம் ஓட்டமாக நடந்தன. ஒருவர் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை நீட்ட, ஒருவர் அதன் குழியில் இறக்க, நான் எலுமிச்சம்பழத்தோடும் கற்பூரத்தோடும் காத்திருந்தேன். பழம் நசுங்கியது. இன்ஜின் கிளம்பியது. கிளம்பிய கையோடு நொண்டியது.

நொண்டியது என்றால், தடக்தடக்கென்று சீராக ஓட வேண்டியது நடுவில் ஒரு அடியை விழுங்கி விழுங்கி ஓடியது. வெள்ளைப் புகை. சோதிக்கக் கட்டியிருந்த பல்பு வரிசை அதற்கேற்பக் கண் சிமிட்டியது. ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஒரு கல்யாணம். போன தடவை விளக்கு ஆடியதற்கே மண்டபத்துக்காரர், "இன்னொரு வாட்டி இப்பிடின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அந்த மண்டபம் போனால் சீசனில் பாதி போயிற்று.

மாமாவுக்கு அந்தக் கவலை. எனக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்த இன்ஜின் ஒரு தடவையாவது உன் பெயரை யாரும் சொல்லாமல் சரியாக வேண்டும்.

அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று பம்ப் கொடுத்துக் காற்றை வெளியேற்றினார்கள். "அக்கா இருந்தா இந்நேரம் சொல்லியிருக்கும்" என்றான் ரமணா. டைமிங்கைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. "அக்கா காதை வெச்சாலே போதும்" என்றான். சனிக்கிழமை காலை ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை வரிசையாகத் தளர்த்தினான். இது உன் வித்தை என்று எனக்கும் தெரியும். வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால் நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால், அங்கே ஏற்கெனவே வேலை நடக்கவில்லை. முதலாவதைத் தளர்த்தினான், தடுமாறியது. இரண்டாவதுக்கும் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினான். இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை.

நான் டீ தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். உன்னைக் கழற்றியபோது இந்த வீட்டின் சத்தம் எப்படி மாறிப்போனது என்று எனக்குத் தெரியும். என்னைக் கழற்றினால் மாறுமா என்று அந்த இடத்தில் நினைத்தேன். ஒரு இன்ஜினைப் பார்த்து நினைக்கிற நினைப்பா இது?

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி முதலாவதில் போட்டு, முதலாவதை மூன்றாவதில் போட்டுப் பார்த்தார்கள். முதலாவது நன்றாகவே ஓடியது. மூன்றாவது அப்போதும் செத்துத்தான் கிடந்தது. ஆக, கோளாறு இன்ஜெக்டரில் இல்லை, அந்தக் குழியில்தான் என்னவோ இருக்கிறது.

"பம்ப் பாகுந்தி, நாசில் பாகுந்தி. எல்லாம் நல்லாத்தான் இருக்குது, அப்புறம் இன்னாதான் நோவு இதுக்கு?" ரமணா துணியை எறிந்துவிட்டு உட்கார்ந்தான். "நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க சின்னக்கா. அக்கா கை படாத இன்ஜின் இல்ல இது. ஏங்குது."

மாமா இன்ஜின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமைதான், ஆனால் வழக்கமான பொறாமை இல்லை. மாமாவுக்கு உன்னை நினைத்து நிற்க ஓர் இன்ஜின் இருக்கிறது. ரமணாவுக்குச் சொல்லிச் சொல்லி மாய உன் பெருமைகள் இருக்கின்றன. அம்மா உன் படத்துக்குப் பூ வைக்கிறாள். எனக்கு அக்கா இல்லாமல் போனதை மட்டும் யாரும் கேட்பதில்லை. உன் இடத்துக்கு வந்தவள் உனக்காக அழுதால் பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து என்னோடு ஒரே பாயில் படுத்தவள் நீ. அவர்களுக்கெல்லாம் முன்னே எனக்குத்தான் நீ.

அப்படி மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

மாமா டிபனுக்குப் போயிருந்தார். நீ தனியாக ஹெட்டின்மேல் கவிழ்ந்து, நுனியை வளைத்த சைக்கிள் கம்பியால் குழிக்குள் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாய். கருத்துப்போன ஒரு சின்னச் செம்பு வளையம் வெளியே வந்தது. இன்ஜெக்டருக்கு அடியில் உட்காருகிற வாஷர். மற்றது எல்லாம் இன்ஜெக்டரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, இது மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது என்றாய். புதுசு போடும் முன்னே பழசை எடுத்துவிட வேண்டுமாம்.

"மாமா எடுக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு இது உள்ள தங்கும்னே தெரியாதுடி. வரதுக்குள்ள நானே எடுத்து சுத்தம் பண்ணிடுவேன். சொன்னா, அதையும் நானே பண்றேன்னு இழுத்துப் போட்டுக்கினு துன்னாம கொள்ளாம நிப்பாரு."

பிறகு என் இடது கையைப் பிடித்து இழுத்து அந்த வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டினாய். அது முதல் கணுவைத் தாண்டி நின்றது. "இந்தா உனக்கு மோதிரம். மாப்பிள்ளை கிடைக்கற வரிக்கும் போட்டுக்கோ." புத்தகத்தில் கறை படும் என்று நான் அதை உடனே கழற்றி எறிந்தேன். நீ அதற்கும் சிரித்தாய்.

ஷெட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன், அக்கா. சொன்னால் மறுபடி நீதான் ஜெயிப்பாய். சொல்லாவிட்டால் மண்டபம் போகும். டீயில் ஆடை படியும்வரை வாயைத் திறக்கவில்லை.

"மூணாவதுல பழைய வாஷரை எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

மாமா திரும்பினார். "எந்தப் பழைய வாஷர்?"

"இன்ஜெக்டருக்கு அடியில இருக்கறது. கழட்டும்போது சிலது உள்ளயே தங்கிடும்."

"உள்ள எதுவும் இருக்காதே. எப்பவும் சுத்தமாதான் இருக்கும்..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்போதும் சுத்தமாக இருந்தது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். ரமணா ஸ்பானரை எடுத்தான்.

இன்ஜெக்டரைத் தூக்கியபோது புது வாஷர் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் டார்ச் அடித்தேன். குழியின் அடியில் இன்னொன்று, கரியோடு கரியாக. கூரையில் நீ செருகி வைத்திருந்த வளைத்த கம்பி அங்கேயே இருந்தது. மாமாவின் விரல் தடிமன், எட்டவில்லை. நான்தான் எடுத்தேன். மூன்று தடவை வழுக்கி நான்காவதில் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது.

"அதான் பாருங்க" என்று ரமணா துள்ளினான். "ஒரு குழியில ரெண்டு உக்காந்தா இன்ஜெக்டர் மேல தூக்கிக்கும். டீசல் சரியான இடத்துல போய் விழாது. ஒண்ணு இருந்த இடத்துல இன்னொண்ண வெச்சா எப்பிடி..." நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா தரையைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன்.

குழியைத் துடைத்து, வேறொரு புது வாஷரை ஒன்றே ஒன்றாகப் போட்டுப் பூட்டினார்கள். இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பல்பு வரிசை ஆடாமல் நின்றது. மாமா அந்தப் பழைய வளையத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். "இது அவ போட்டது" என்றார். போன தடவை இன்ஜின் பிரித்தபோது நீ போட்டது, அத்தனை கல்யாணத்துக்கும் உள்ளே இருந்து காவல் காத்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்.

பிறகு அவர் ஸ்பானரோடு மூன்றாவது நட்டுக்குப் போனார். "இந்தா, இங்க வா. கேளு" என்றார். தளர்த்தினார். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று தடுமாறியது. இறுக்கினார், சீரானது. தேவையே இல்லாமல் இன்னொரு தடவை தளர்த்தி இறுக்கினார். "தெரியுதா வித்தியாசம்?" என்றார். நான் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் அவரும் அப்படித்தான் நின்றார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ரமணா இருமினான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. மண்டபத்துக்காரரிடம் ரமணா கைகட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்: "அக்காவே வந்து சின்னக்கா வாயால சொல்லிச்சி சார். இல்லன்னா இதுக்கு எப்பிடித் தெரியும்? இது புக்கு படிக்கற கேசு." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்த்தாயா? என் வாய் திறந்து வந்த வார்த்தையையும் உன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், சந்திரகிரி தாண்டும்போது, மாமா கேட்டார். "உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"பாத்திருக்கேன்" என்றேன். அவர் காத்திருந்தார். நான் மேலே சொல்லவில்லை.

சொல்லவும் போவதில்லை. அவரிடம் உன் வளையம் இருக்கிறது. இரண்டில் மேலே கிடந்த புது வாஷரை ரமணா குப்பையில் எறிந்தான், நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். அதன் அடிப்பக்கத்தில் உன்னுடையதன் விளிம்பு வட்டமாக அழுந்திக் கிடக்கிறது. இதை எழுதும்போது அது என் சுண்டுவிரலில்தான் இருக்கிறது. முதல் கணுவைத் தாண்டி, அன்று நின்ற அதே இடத்தில் நிற்கிறது. எதிரே திறந்து கிடக்கும் புத்தகத்தில் கறை பட்டுவிட்டது. படட்டும்.

உன்மேல் பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மத்தியானத்தில் நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். நீ எனக்கு மோதிரம் போட்டது மாமாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிற ரமணாவுக்கும் தெரியாது. அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.