பிறந்த வீட்டுக் கோடி

மதினி,

இன்று காலை அடுப்பைப் பற்றவைக்கக் குச்சியை உரசினேன். மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் வந்து நின்றீர்கள். தீப்பெட்டி ஆபீஸில் உழைத்து உழைத்து உங்கள் கையோடு ஒட்டிப்போன வாசம் அது.

விவாகரத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் உங்கள் தம்பியிடம் பிள்ளையை விட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. விட்டேன். சாயங்காலம் திரும்பி வருகிறவளின் முதுகில் பெல்ட் தடம் இருக்கும். கேட்டால் வாய் திறக்க மாட்டாள். சொன்னால் உன் அம்மாவைக் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டித்தான் அனுப்புவான், பாவி. அதுவும் போதாமல், பிள்ளை முழுசாகத் தனக்கே வேண்டும் என்று மனுப் போட்டான். பாசமாக வளர்ப்பவன் என்று சொல்லுவதற்கு உங்களையே சாட்சியாகக் கூட்டி வந்தான்.

கோவில்பட்டி கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறினீர்கள்.

"ஐயா, இவன் எங்கூடப் பெறந்தவன்தான். ஆனா இவங்கிட்ட பிள்ளைய விட்டா பொணமாத்தான் திரும்ப வாங்கணும். அவ முதுகப் பாருங்க" என்றீர்கள்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் உங்கள் அடிவயிற்றில் மிதித்தான். கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னீர்கள்: "ஏலே, அடி. நல்லா அடி. கோர்ட்டு பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

போலீஸ்காரர் இழுத்துக்கொண்டு போகும்போதும் அவன் வாய் அடங்கவில்லை. "இனி ஒனக்குப் பெறந்த வீடு கெடையாது. நீ செத்தா மேல போடக் கோடிச் சேல வராது" என்று கத்தினான். பிள்ளையை அவன் பார்க்கவே கூடாது என்று தீர்ப்பானது.

சில வருஷம் கழித்து நீங்கள் கண்ணை மூடியபோது சொன்னபடியே செய்தான். கயத்தாறு ஊரில் உங்கள் வீட்டு முற்றத்தில் உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே விழாமல் தூக்க மாட்டோம் என்று உங்கள் புருஷன் வீட்டார் நின்றார்கள். அவன் குடித்துவிட்டு வெறுங்கையோடு வாசலில் நின்று சிரித்தான். என் மகள் கடைக்கு ஓடிப்போய் ஒரு சேலையோடு வந்தாள். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கையை ஓங்கினான்.

அன்றைக்கு வாய் திறக்காத பிள்ளை, "அடிங்க. ஊரே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குள் நான் கிணற்றடியில் கிடந்த கல்லைத் தூக்கியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் முடியை விட்டான்.

"பொம்பளப் பிள்ள கோடி போடுததா?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"அத்தைக்குப் பெறந்த வீடு நாந்தான் தாத்தா" என்று சொல்லிச் சேலையை உங்கள் மேல் விரித்தாள்.

அந்தக் கல் இப்போது என் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. அவன் உயிரோடு இருக்கிற வரைக்கும் அதைத் தூக்கிப் போட மாட்டேன், மதினி.