பெயரழிந்த மூன்று குப்பிகள்

மச்சான்,

இன்று காலை சிதம்பரம் ஆய்வகத்தில் அந்த மூன்று குப்பிகளையும் திறந்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் சிலந்திக் கட்டுரையை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

சிலந்தி பிடித்த இடத்தைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள் போட வேண்டும், பேனா மை கரைந்துவிடும். கிள்ளை அலையாத்திக் காட்டில் சேற்றை மிதித்துத் திரிந்த நாளிலேயே நமக்கு இது பாடம். ஆனாலும் அந்தமானில் இரண்டு தீவுகளைச் சுற்றிவிட்டுக் கப்பலேறிய அவசரத்தில், மூன்று சீட்டுகளைப் பேனாவில் எழுதித் தொலைத்தேன். ஊர் வந்து பார்த்தால் வெள்ளைத் தாள்.

அந்த மூன்றில்தான் குட்டைக்கால் சிலந்திகள் இருந்தன. லென்ஸில் கண்ணை வைத்தபடியே கத்தினாய்.

"டேய், இதுங்க எந்தத் தீவுதுடா?"

திட்டுவாயே என்ற பயத்தில், "தெக்குத் தீவுதான் மச்சான்" என்றேன். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ குதித்தாய். "வடக்குல நெட்டக்காலு, தெக்குல குட்டக்காலு. ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கள கடல் பிரிச்சு வேற வேற ஆளாக்கிடுச்சுடா!" தெற்குத் தீவின் மற்றக் குப்பிகளில் இருந்ததெல்லாம் குஞ்சுகள். அவற்றை வைத்து இனம் பிரிக்க முடியாது. நான்கு வருடம் நீ எழுதிய புது இனம் முழுக்க என் ஒரு வார்த்தையின் மேல் நின்றது. அந்தக் குட்டைக்கால்களும் வடக்குத் தீவில் பிடித்தவை என்றால், கடல் பிரித்த கதையே இல்லை; ஒரே இனத்தில் கால் கூடக் குறைய இருக்கிறது, அவ்வளவுதான். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றிருந்தேன். உன் நெஞ்சு அதுவரை காத்திருக்கவில்லை.

மதியம் உன் நோட்டைப் புரட்டினேன். அந்தக் குப்பிகளின் எண்களுக்கு எதிரே, இடத்துக்கு என்ன ஆதாரம் என்ற கட்டத்தில் என்னைத்தான் எழுதியிருக்கிறாய்: "மச்சான் சொன்னான்."

அதற்குமேல் முடியவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் உன் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப புதுச் சிலந்திய கண்டுபிடிச்சவருன்னு அவரு பேரு வராதாண்ணா?"

"வராதும்மா. தப்பு அவன்மேல இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு கேட்டாள்: "அவரு இருக்கும்போது ஏண்ணா சொல்லல?"

ஐந்து மணி தாண்டிவிட்டது. கட்டுரையை அனுப்பவில்லை. மூன்று குப்பிகளிலும் 'இடம் தெரியாது' என்று பென்சிலில் எழுதிய சீட்டைப் போட்டு மூடினேன், மச்சான்.