மெதுவான ஷட்டரில் ஒரு பூநாரை

தை மாதம், செவ்வாய்க்கிழமை இரவு

படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை. எழுந்து மறுபடியும் கமராவைத் திறந்துவிட்டேன்.

இன்று விடியற்காலையில் அரியாலை நீரேரியில் பூநாரைகள் மேய்ந்துகொண்டு நின்றன. அவை பறக்கும்போது ஒரு நல்ல படம் எடுக்க ஒவ்வொரு மாரிகாலமும் தவறாமல் அலைகிறேன். சேற்றில் முழங்காலூன்றிக் காத்திருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, கையைத் தட்டட்டோ? எல்லாம் எழும்பும்.”

“பேசாமல் இரும். சாப்பிடுறதுகளைக் குழப்பக்கூடாது.”

அப்போது ஒரு கடற்கழுகு தாழ வந்தது. முழுக் கூட்டமும் ஒன்றாக எழும்பி எங்கள் தலைக்கு மேலால் போனது. முன்னால் பறந்த ஒன்றைத் தொடர்ந்து கமராவைத் திருப்பியபடியே அழுத்தினேன்.

பிறகுதான் பார்த்தேன். நேற்றுக் கோயில் கல்யாணத்தில் ஐயர் ஃபிளாஷ் வேண்டாம் என்றதால் ஷட்டரை மெதுவாக வைத்திருந்தேன். அதை மாற்ற மறந்துவிட்டேன். எல்லாப் படமும் கலங்கல். கமராவைத் தண்ணீரில் எறியலாம் போலிருந்தது.

அவள் அதை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றில் நிறுத்தினாள். கழுத்தும் கண்ணும் தெளிவாக இருந்தன. இறக்கை மட்டும் சிவப்புப் புகை.

“உங்கடை மற்றப் படங்களிலை பறவையள் ஆணியடிச்ச மாதிரி நிக்கும். உதுதான் பறக்குது.”

அப்போது கோபம்தான் வந்தது. இப்போது பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆணி தெரிகிறது.

நாளை விடியமுன் திரும்பவும் போகிறோம். பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டேன். ஷட்டரில் கை வைக்கவில்லை.