பதினேழாம் எண் வளர்ப்பு

நாள் 1. காலை 9.10

இதைக் கண்டெடுக்கும் மகானுபாவரே, வணக்கம். எழுதுபவன் ஆத்தூர் குழந்தைவேலு, வயது ஐம்பத்தெட்டு. ஈஸ்ட்டுகளை இனம் பிரித்துப் பெயர் சூட்டுவதில் மூவுலகிலும் எனக்கு நிகர் கிடையாது. நான்காவது உலகம் இருந்தால் அங்கேயும் விசாரித்துக்கொள்ளவும்.

இடம்: சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைக் கழிவுத் தொட்டிக்குக் கீழே, தெரியாத கிருமி எதுவும் வெளியேறாதபடி பூட்டிய ஆய்வறை. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இருபத்தோராம் நாள் இரத்தச் சோதனையில் கிருமி எதுவும் இல்லையென்றால் கதவைத் திறப்பார்கள். வெளியே பொறுப்பாளர் பொன்னரசி. எங்களுக்கிடையே ஒரு ரேடியோ, சாப்பாடு வரும் ஒரு பொந்து.

மரவள்ளிச் சக்கையான திப்பியிலிருந்து முப்பத்தொரு ஈஸ்ட் வளர்ப்புகள் எடுத்தேன். முப்பது பழைய சொந்தக்காரர்கள். பதினேழாம் எண் மட்டும் யாரென்று தெரியவில்லை.

நாள் 3. காலை 11.40

பதினேழு புது இனம். இனமென்ன, புதுப் பேரினமே! முப்பத்திரண்டு சர்க்கரைக் குழாய்களில் விட்டேன். முப்பத்திரண்டையும் காலி செய்தது. மரவள்ளியின் சயனைடைக் கொடுத்தேன், ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டது. குழாயின் ரப்பர் மூடியையும் தின்றுவிட்டது. இன்னும் அரை மணி விட்டிருந்தால் மேசையையும் கேட்டிருக்கும்.

உறிஞ்சு கருவி அடைத்துக்கொண்டது. எங்கள் தொழிலில் பழைய கைகள் செய்வதைச் செய்தேன்: கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு சொட்டு தொண்டைக்குள் போய்விட்டது. அருமையான புளிப்பு.

பொன்னரசி: "வாயில உறிஞ்சுனீங்களாக்கும்? அதென்ன எளநியாங்ண்ணா? செரி, மொதல்ல ஒரு குழாய வெளிய அனுப்பி வையுங்க. பத்திரமா இருக்கட்டும்."

அனுப்புவேனா? யார் கையில் வளர்ப்பு இருக்கிறதோ அவர் முதலில் பதிவு செய்வார், அவர் வைப்பதுதான் பெயர். நகல் எடுக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் நிறையவே இருந்தது.

நாள் 6. மதியம் 1.15

நான்கு இட்லி சாப்பிட்டேன். அரை மணியில் தலைக்குப் போதை ஏறியது. ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவன் சுவரைப் பிடித்து நடக்கிறேன். ஏப்பம் விட்டால் விளக்கு எரிகிறது. (கொஞ்சம் மிகைதான். ஆனால் விளக்கு மினுங்கியது.)

பதினேழு என் குடலில் கடை திறந்துவிட்டது. சோறு உள்ளே போனால் சாராயமாகிறது.

பொன்னரசி: "ஓசியிலயே மப்புல இருக்கறீங்க, குடுத்து வெச்ச மனுசன்! பூஞ்சை மருந்து நாளைக்கு வந்துருமுங்க. மூணு மாத்திரை, எல்லாஞ் செரியாயிரும்."

நாள் 8. காலை 8.30

குழாய்களில் இருந்த பதினேழு மொத்தமும் செத்துவிட்டது. எல்லாவற்றையும் தின்று, தான் உண்டாக்கிய சாராயத்தில் தானே மூழ்கிவிட்டது. தொட்டியில் இருந்ததை ஆலைக்காரர்கள் சுண்ணாம்பு போட்டுக் கழுவிவிட்டார்களாம். என் எச்சிலை வளர்ப்புத் தட்டில் தேய்த்துப் பார்த்தேன். அதிலிருந்த பதினேழு பத்து நிமிடத்தில் செத்துவிட்டது. உடம்புக்குள் பழகிவிட்டது, இனி வெளியே பிழைக்காது.

உலகத்தில் உயிரோடு இருக்கும் ஒரே பதினேழு என் வயிற்றில்.

நாள் 9. காலை 10.05

பொன்னரசி: "மருந்து வந்துருச்சுங்ண்ணா. எங்கையிலதான் இருக்குது. ஆனா அதக் குடுத்தா பதினேழும் போயிருமுங்களே. ஆய்வுக் கமிட்டியில ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றாங்க. அன்னிக்கே ஒரு குழாய் குடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் மாத்திரையப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கிருப்பீங்க."

நாள் 12. மாலை 4.20

கல்கண்டுச் சாதம் வந்தது. காலையும் அதுதான். நேற்றும். இனிப்பு வேண்டாம், ஒரு முட்டை கொடு என்றேன்.

பொன்னரசி: "முட்டையில சர்க்கரை இல்லீங்களேண்ணா."

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாப்பாடு எனக்கு வரவில்லை. அதற்கு வருகிறது.

நாள் 14. இரவு 9.00

நேற்றிலிருந்து தட்டைத் திருப்பி அனுப்பினேன். பட்டினி போட்டால் சாகும் என்று கணக்கு. அது சாகவில்லை. என் கல்லீரலில் இருந்த சர்க்கரையை எடுத்துக்கொண்டது. கண்கள் மஞ்சள். மாலையில் தட்டைத் திரும்பக் கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன், ஐயா. மூவுலகம் என்று எழுதிய கை தட்டுக்கு நீண்டது.

நாள் 17. பகல் 12.50

கதவைத் தட்டினேன். நாற்காலியால் அடித்தேன். நாற்காலிதான் உடைந்தது.

பொன்னரசி: "வீணா வேர்த்துக் கொட்டாதீங்க, வளர்ப்பு கெட்டுரும். வெளிய ஒரு நல்ல சேதிங்ண்ணா. பதிவு ஆயிருச்சு. புதுப் பேரினம்னு ஒத்துக்கிட்டாங்க. பேருக்கு ஆதாரமா மூல மாதிரிய மட்டும் பெட்டியில வெக்கோணும். சட்டந் தெரியுமில்லீங்களா, வளராம உறைஞ்ச நெலையில இருக்கோணும்."

தெரியும். அந்தச் சட்டத்துக்கு நானும் கை தூக்கியவன்.

பெட்டியில் வைக்க என்னைத் தவிர வேறு ஒன்றும் இல்லையே என்றேன்.

பொன்னரசி: "ஆமாங்ண்ணா."

நாள் 20. காலை 7.30

இந்த அறை ஆலையின் பழைய குளிர்கிடங்கு. இன்று முதல் முறையாக அதன் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது. வெப்பமானி நான்கு காட்டுகிறது. இரத்தச் சோதனைக்கு நாளை யாரும் வரமாட்டார்கள்.

மருந்தைக் கேட்டேன். பேரினத்துக்கு அவள் பெயரையே வைத்துக்கொள்ளட்டும், ஆய்வுத்தாளில் என்னை அடித்துவிடட்டும், மூன்று மாத்திரை போதும் என்றேன்.

பொன்னரசி: "எம் பேருதானுங்ண்ணா வெச்சிருக்குது."

நாள் 20. காலை 10.10

பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது. பொந்தின் வழியாக ஒரு மாதிரி விவரச் சீட்டும் பென்சிலும் வந்தன. சீட்டை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கால் நீட்டிப் படுக்கச் சொன்னாள். என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்குமாம்.

எடுத்த இடம்: மனிதக் குடல், ஆண், 58.

சேகரித்தவர்: பொன்னரசி.

குளிரில் பென்சில் நிற்கவில்லை. கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறது. மாதிரியின் நிலை. அதில் உயிரோடு என்று எழுதியிருக்கிறேன். மூன்று தடவை எழுதியிருக்கிறேன். படிப்பவர் யாரானாலும் முதலில் அதைப் படியுங்கள், கதவை

உயிரோ